தக்கை ஆடாத பொழுது

"தக்கை ஆடுச்சுன்னா மீனுடா, ஆடாம நின்னுச்சுன்னா…" இதற்குப் பிறகு கனகு சித்தப்பா ஏதோ சொல்வார். அந்த ஏதோதான் குலசேகரனுக்குப் பதினோரு நாளாக வரமாட்டேன் என்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கண்மாய்க் கரையில், ரயில்வே காக்கிக் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக் குத்தவைத்து, மயிலிறகுத் தண்டை விரல் நீளத்துக்கு நறுக்கி நூலில் கோத்த தக்கையைத் தண்ணீரில் விட்டுவிட்டு, பற்றவைக்காத பீடியைப் பல்லில் கடித்தபடி சொல்வார். ஆடாம நின்னுச்சுன்னா இடத்தை மாத்து. சேச்சே, அவ்வளவு சப்பையாக இருக்காது. ஆடாம நின்னுச்சுன்னா புழுவைப் பாரு. ஆடாம நின்னுச்சுன்னா நீ ஆடாதே. எதைப் பொருத்தினாலும் சித்தப்பாவின் குரல் அதில் ஏறி உட்கார மறுக்கிறது. எதிரே நீச்சல் குளம். காலை எட்டேகால். பதினான்கு குழந்தைகள் தண்ணீரில், பதினான்கும் எதையாவது கட்டிக்கொண்டோ கட்டிப்பிடித்துக்கொண்டோ மிதக்கின்றன. புஜத்தில் காற்றுப் பைகள், நெஞ்சுக்கடியில் நீலப் பலகை, இடுப்பில் வாத்துத் தலை வைத்த ரப்பர் வளையம். அவனுடைய ஆதிரை, ஏழு வயது, முதுகில் ஆரஞ்சு நுரைக்கட்டைகள் கோத்த பெல்ட்டோடு, "அப்பா, பாருப்பா, இங்க பாருப்பா" என்று ஐந்தாம் முறையாகக் கத்துகிறாள். பார்க்கிறேன்டா. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். அன்றைக்கும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். பத்து நாள் குளத்தைப் பூட்டி வைத்திருந்தார்கள். ஒன்பதாம் நாள் சாயங்காலம் குடியிருப்போர் வாட்ஸப் குழுவில் ஒரு அம்மாள் எழுதினாள், துக்கம் எல்லாருக்கும்தான், ஆனால் பிள்ளைகளுக்கு லீவு போகிறதே என்று. கீழே முப்பத்தொரு கட்டைவிரல்கள் நிமிர்ந்தன. குழுவின் செயலாளர் என்ற முறையில் குளத்தைத் திறக்கலாம் என்று அறிவித்தவன் குலசேகரன்தான். குளத்துக்கும் அந்த இரும்புக் கதவுக்கும் முப்பது அடி தூரம். கதவுக்குப் பின்னால் கழிவுநீர்த் தொட்டி. அதன் வாயை நேற்று கொத்தனார் ஒருவர் சிமெண்ட் போட்டு அடைத்து, மட்டக்கட்டையால் தேய்த்துத் தேய்த்து, தோசைக்கல் மாதிரி வழவழப்பாக்கிவிட்டுப் போனார். இன்னும் ஈரம் காயவில்லை. ஒரு பூனை அதன்மேல் நடந்திருக்கிறது.

ஆரஞ்சு. ஏன்தான் எல்லாவற்றுக்கும் ஆரஞ்சு நிறம் அடிக்கிறார்களோ. தொட்டிக்குள் தொங்கியதும் ஆரஞ்சு. பேரிக்காய் அளவு, பேரிக்காய் வடிவம், கறுப்பு ஒயரில் கட்டித் தொங்கவிட்ட பிளாஸ்டிக் மிதவை. கழிவுநீர் ஏற ஏற அதுவும் மேலே வரும். போதிய அளவு தலை நிமிர்ந்ததும் உள்ளே ஒரு குண்டு உருண்டு, மோட்டார் ஓடும். இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளின் மானம் அந்தப் பேரிக்காயில் இருந்தது. ஆங்கிலத்தில் இவை அத்தனைக்கும் ஒரே பெயர், ஃப்ளோட். தூண்டில் தக்கைக்கும், கக்கூஸ் தொட்டியின் பந்துக்கும், அப்பாவின் ஸ்கூட்டர் கார்புரேட்டருக்குள் கிடந்த பித்தளைக் குமிழுக்கும், கொத்தனார் கையிலிருந்த மட்டக்கட்டைக்கும், ஊர்வலத்தில் வரும் அலங்கார வண்டிக்கும்கூட. பத்தாம் வகுப்புவரை தமிழில் படித்துவிட்டு அப்புறம் ஆங்கிலத்துக்குள் தள்ளப்பட்டவனுக்கு அது அப்போது சிக்கனமாகத் தெரிந்தது. ஸ்கூட்டர் மெக்கானிக் அந்தக் குமிழைக் கழற்றிக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பார். உள்ளே பெட்ரோல் சலசலத்தால் ஓட்டை. "தான் காலியா இருந்தாத்தாண்ணே அடுத்தவன் கணக்கச் சொல்லும்" என்று அப்பாவிடம் சொன்னார். இதையெல்லாம் முழுசாக ஞாபகம் வைத்திருக்கிற மண்டை சித்தப்பா சொன்னதில் பாதியை எங்கே தொலைத்தது? மாரியம்மன் தெப்பக்குளத்தில் சாமி வந்த தெப்பத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்று அழுது, சித்தப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தபோது, பூவுக்கும் விளக்குக்கும் பட்டுத்துணிக்கும் கீழே வரிசையாகத் தார் பீப்பாய்கள். அன்றிரவு சாப்பிடவில்லை அவன். பீப்பாய்கள் அவனை ஏமாற்றிவிட்டதாக நினைத்தான். இந்தக் கட்டடத்தில் வீடு வாங்கியபோது வரவேற்புக் கூடத்தில் பளிங்குத் தரையும் செயற்கை நீரூற்றும் பார்த்தான். கீழே என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாதா? பதினாறு வருஷம் மஸ்கட்டில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் தொட்டிகளோடு குடும்பம் நடத்தியவன். அதனால்தானே, "வெளிநாட்டுல பிளான்ட் பாத்தவரு" என்று ஒருமனதாகச் செயலாளர் ஆக்கினார்கள்.

"என்ன சேகர், பொண்ணு நல்லா நீந்துறாளே." ஜம்புநாதன் சார் பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சங்கத் தலைவர், இன்சூரன்சில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர், நடைப்பயிற்சி வேர்வையோடு. கையில் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் ஒரே ஒரு தாள். "பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வர்றார். நம்ம வக்கீல் டிராஃப்ட் பண்ணிக் குடுத்துட்டார். நீங்க ஒரு கையெழுத்து, நான் ஒரு கையெழுத்து. முடிஞ்சது." குலசேகரன் வாங்கிப் படித்தான். நல்ல ஆங்கிலம். இடுக்கு முடுக்கு இல்லாத, எண்ணெய் போட்ட ஆங்கிலம். அதில் யாரும் எதையும் செய்யவில்லை. எல்லாம் தானாக நடந்திருந்தது. மூடி திறக்கப்பட்டிருந்தது. பணியாளர் மது வாசனையுடன், எவருக்கும் தெரிவிக்காமல், உணவு இடைவேளையில் உள்ளே சென்றிருந்தார். இரண்டு ஐம்பத்தைந்துக்குக் காவலாளியால் அவர் கண்டறியப்பட்டிருந்தார். "மது எங்கேருந்து வந்துச்சு சார்?" என்று கேட்டான். "அவங்கள்ல யாருய்யா குடிக்காம இறங்குறான்? ரிப்போர்ட் வர்றதுக்கு மாசக்கணக்காகும்." "அவன் குடிக்கலை." "உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் மாடியில உங்க வீட்டுல இருந்தீங்களே." ஜம்புநாதன் அவனைப் பார்க்காமல் குளத்தைப் பார்த்தார். "வாட்ச்மேன் அப்படித்தான் சொல்றான். கேமரா ஓடலை. குரூப்ல போட்ட மெசேஜை அழிச்சுட்டீங்கல்ல?" அழித்திருந்தான். இரண்டு ஐம்பத்திரண்டுக்குப் போட்ட செய்தி. எல்லோர் போனிலிருந்தும் போய்விட்டது, அவன் கட்டைவிரலிலிருந்து மட்டும் போகவில்லை. "சேகர், உங்களுக்குச் சின்னப் பொண்ணு. செத்துப்போனவனை உங்க உண்மை எழுப்பப்போகுதா? சட்டம் எவ்வளவு கடுமைன்னு தெரியுமா, ஜாமீனே கிடைக்காது." முதுகில் தட்டினார். தாளைத் துண்டுப் பையின் மேல் வைத்தார், பறக்காமலிருக்கத் தன் பேனாவையும் அதன்மேல் வைத்தார். "ஒன்பதரைக்கு ஆபீஸ் ரூம்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மாசிலாமணி. முப்பத்துநாலு வயது. முழுப்பெயரைக் குலசேகரன் தெரிந்துகொண்டது செய்தித்தாளில். அதுவரைக்கும் மாசி. புதன்கிழமை, இரண்டு மணி வெயில். தரைத்தள வீடுகளில் குளியலறைத் தரை ஜாலி வழியாகக் கழிவுநீர் எதிர்த்துக்கொண்டு வர ஆரம்பித்துவிட்டது. தொட்டி நிறைகிறது, மோட்டார் ஓடவில்லை, ஆரஞ்சுப் பேரிக்காய் கீழே எதிலோ மாட்டிக்கொண்டு நிமிராமல் கிடக்கிறது. குழந்தைகளைத் துடைக்கிற ஈரக்காகிதம். அதைக் கழிப்பறையில் போடாதீர்கள் என்று அவனே மூன்று முறை அறிக்கை விட்டிருக்கிறான். அவன் வீட்டிலேயே போடுகிறார்கள். உறிஞ்சும் லாரி ஆறு மணிக்குத்தான் என்றார்கள். "ஆறு மணிக்கா? அதுக்குள்ள உங்க கார் பார்க்கிங்ல படகு உட்லாம் சார்" என்று மாசி சிரித்தான். முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும். "ரெண்டு நிமிஷ வேலை. நாலு படி எறங்கி, கொக்கிய உட்டு ஒரு உலுக்கு. அவ்ளோதான்." குலசேகரனின் போன் தொடைமேல் விடாமல் அதிர்ந்தது. இன்னும் எத்தனை நேரம். குழந்தை வாந்தி எடுக்கிறாள். இதற்குத்தானா பராமரிப்புச் சங்கம். மாசி மூடியை நெம்பித் தள்ளிவிட்டு, செருப்பைக் கழற்றினான். யாரோ ஒருத்தர் வீட்டு வாசலில் விடுகிற மாதிரி, ஜோடியாக, சுவர் ஓரமாக. "சார், அந்த மஞ்ச லைட்டக் கொஞ்சம் பிடிங்க. செவுத்துல அடிங்க. அங்க இல்ல, அத்தாண்ட. ஆங்! பாத்தீங்களா, ஓடுது பாருங்க." தொட்டியின் உட்சுவரில் கரப்பான்கள், நூறு, இருநூறு, வெளிச்சத்துக்குப் பயந்து நாலா பக்கமும் ஓடின. "கரப்பான் ஓடுச்சுன்னா காத்து கீதுன்னு அர்த்தம். அது செத்துக் கெடந்தா நம்மளும் எறங்க மாட்டோம், எங்கப்பனே எந்திரிச்சி வந்து சொன்னாலும்." கரப்பானைப் பார்த்துக் குலசேகரன் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு முறை. ஓடுதுப்பா, நல்லா ஓடுது. அவன் வாயாலும் சொன்னான். கரப்பான்கள் மேலே மூன்றடிக்குள் குடியிருப்பவை. அவற்றின் காற்று மேலே. விஷவாயு கீழே அந்தக் கறுப்புத் தண்ணீருக்குள் கரைந்து, யாராவது கலக்கும்வரை தூங்கும்.

நாலு படி என்றவன் ஆறு படி இறங்கினான். கொக்கி எட்டவில்லை. "இன்னும் கொஞ்சம் இப்படிக் காட்டுங்க." காட்டினான். வெளிச்சம் அவன் உச்சந்தலையில் விழுந்தது, சுழி இரண்டு இருந்தது, இரட்டைச் சுழி, இரண்டு கல்யாணம் என்று ஊரில் கேலி செய்வார்கள் என்று நினைத்ததுகூட ஞாபகம் இருக்கிறது. அப்புறம் கீழிருந்து குரல், "எந்திரிச்சிருச்சு சார்!" பக்கத்தில் மோட்டார் உறுமிற்று. தரை அதிர்ந்தது. அப்பாடா. அந்த இரைச்சல் அவனுக்கு நாதஸ்வரம் மாதிரி இருந்தது. இடது கையால் போனை எடுத்துக் குழுவில் 'சரியாகிவிட்டது' என்று தட்டினான், வலது கையில் டார்ச். எத்தனை வினாடி? மோட்டார் கலக்க, தண்ணீர் புரள, உள்ளே தூங்கியது எழுந்து வர, அவன் அனுப்புகிற அம்பை அழுத்த, எத்தனை வினாடி? நிமிர்ந்து, குனிந்து பார்த்தபோது வெளிச்சம் ஆறாவது படியில் இருந்தது. படி இருந்தது. பிடித்திருந்த கை இல்லை. கூப்பிட்டிருப்பானோ. மோட்டார் சத்தத்தில் எது கேட்கும். விழுந்த சத்தமும் கேட்கவில்லை. எல்லாம் வேலை செய்கிற சத்தம் மட்டும். மூன்றாம் நாள் மாசியின் மனைவி சுகந்தி வாசல் கேட்டில் வந்து நின்றாள். அழவில்லை. "அவரு செருப்பு இங்கதான் இருக்கும். கழட்டி வெச்சிட்டுத்தான் எறங்குவாரு" என்றாள். காவலாளி தேடிக் கொண்டுவந்து கொடுத்தான். அவள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒழுங்கா ஜோடியா வெச்சிருந்துச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்றான் காவலாளி. "அப்ப யாரோ கூட இருந்திருக்காங்க. தனியா இருந்தா அப்படியே உதறிட்டுப் போவாரு. ஆளு பாத்தாத்தான் ஜோடியா வெப்பாரு, மரியாதைக்கு." குலசேகரன் நீரூற்றுக்குப் பின்னால் நின்று இதைக் கேட்டான். நீரூற்று ஓடிக்கொண்டிருந்தது.

மஸ்கட்டில் சட்டைப்பையில் ஓர் அட்டை வைத்திருக்க வேண்டும். இரண்டு வரி. காற்றை அளந்து பார்க்காமல் யாரையும் உள்ளே இறங்க விடாதே. உள்ளே விழுந்தவன் பின்னால் நீ இறங்காதே. அவனே வகுப்பு எடுத்திருக்கிறான், மலையாளிகளுக்கும் வங்காளிகளுக்கும் ஒரு பட்டாணிக் கிழவருக்கும், ஆங்கிலத்தில். ஒருவன் பின்னால் ஒருவனாக நாலு பேர் செத்த கதையெல்லாம் சொல்லி. அந்தப் புதன்கிழமை இரண்டாவது வரி அட்சரம் பிசகாமல் வந்தது. இறங்காதே. காலை எடுத்தவன் அப்படியே வைத்தான். ஓடினான், காவலாளியைக் கத்திக் கூப்பிட்டான், தீயணைப்புக்குப் போன் போட்டான், மோட்டாரை நிறுத்தினான், எல்லாம் வரிசைப்படி. முதல் வரி மட்டும் வரவில்லை. அது ஆங்கிலத்திலேயே தங்கிவிட்டது. மாசியோடு தமிழில் பேசிக்கொண்டிருந்தவனிடம் வந்து சேரவில்லை. பதினோரு நாளாக அவன் தனக்குச் சொல்லிக்கொள்வது இது. ஓரளவு நிற்கிறது இது. ராத்திரி கொஞ்சம் தூங்க விடுகிறது. சித்தப்பா சொன்னதிலும் பாதி, அட்டையில் எழுதியிருந்ததிலும் பாதி, மண்டைதானே, பழசானால் ஓட்டை விழும், குலுக்கினால் சலசலக்கும். ஜம்புநாதன் சாருடைய தாள் பேனாவுக்கடியில் லேசாகத் துடித்தது. காற்று. குளோரின் நெடியோடு வருகிற காற்று. இந்தத் தொட்டிப் பக்கமிருந்து இப்போது ஒரு நாற்றமும் இல்லை, எல்லாம் நன்றாக ஓடுகிறது, பேரிக்காய் ஏறுகிறது, இறங்குகிறது. மாசி சரிசெய்தது பதினோரு நாளாக நிற்காமல் வேலை செய்கிறது.

"சார், ஆதிரைக்கு இன்னிக்கு பெல்ட் கழட்டுறோம்" என்று கோச் ஜெரால்டு தண்ணீருக்குள்ளிருந்து கையைத் தூக்கினார். கழற்றினார். ஆரஞ்சுக் கட்டைகள் தனியே மிதந்து ஓரமாகப் போயின. ஆதிரை கையை விரித்து, காலை உதைத்து, இரண்டு கஜம் நீந்தி, சிரிக்க வாயைத் திறந்து, தண்ணீரைக் குடித்து, முங்கினாள். தண்ணீருக்கு மேலே ஒன்றுமில்லை. தட்டையான நீலம். ஒரு தலைமயிர்கூட இல்லை. அடுத்து குலசேகரனுக்குத் தெரிந்தபோது அவன் நெஞ்சளவுத் தண்ணீரில் செருப்போடும் போனோடும் கண்ணாடியோடும் நின்றுகொண்டிருந்தான், அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஆதிரை இருமினாள், ஜெரால்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "சார், நாலடித் தண்ணி சார்! நான் இருக்கேன்ல பக்கத்துல?" ஓரத்தில் இருந்த அம்மாக்கள் சிரித்தார்கள். "நான் நீந்திட்டுத்தான்பா இருந்தேன், ஏம்பா வந்த?" என்று ஆதிரை அவன் முதுகில் குத்தினாள். அவளைத் தூக்கிக்கொண்டு படியேறி, துண்டு எடுக்கப் பையைத் திறந்தான். தாளும் பேனாவும் சரிந்து நாற்காலியில் விழுந்தன. துண்டுக்கடியில் மஞ்சள் டார்ச். வீட்டில் எங்கே வைத்தாலும் யாராவது எடுத்துவிடுவார்கள் என்று எங்கே போனாலும் கூடவே தூக்கிக்கொண்டு அலைகிறான். "இது எதுக்குப்பா பகல்ல?" என்றாள் ஆதிரை. அவன் அவள் தலையைத் துவட்டினான். ஒரே சுழி. இவளை அந்தக் குழியின் விளிம்புக்கு, வேண்டாம், அந்த இரும்புக் கதவுப் பக்கம் விட்டிருப்பானா? கரப்பான் ஓடுகிறது என்று இவள் சொல்லியிருந்தால்? ஆயிரம் கரப்பான் ஓடட்டும். கையைப் பிடித்து இழுத்திருப்பான், எந்த பாஷையில் என்று யோசித்திருக்க மாட்டான். அப்படியானால் வந்தது. முதல் வரி வந்தது. மாசி செருப்பை ஜோடியாக வைத்துவிட்டு நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தானே, ஒரு நொடி, இறங்கட்டுமா என்கிற மாதிரி, அப்போது வந்து நின்றது. காற்றை அளந்து பார்க்காமல். தெளிவாக வந்தது. போன் தொடைமேல் அதிர்ந்தது. அவன் டார்ச்சை அழுத்தினான், வெளிச்சம் வந்தது, அவன் அதை உள்ளே திருப்பினான். மாசி கேட்டதற்கு அதுதான் பதில். ஒரு வார்த்தை பேசாமல் சொன்ன பதில்.

ஒன்பது அடித்தது. குழந்தைகள் ஒவ்வொன்றாகக் கரையேறின. காற்றுப் பைகளும் பலகைகளும் வளையங்களும் தண்ணீரில் ஆளில்லாமல் கிடந்தன; காற்று இல்லை, ஒன்றுகூட அசையவில்லை. தாள், பேனா, டார்ச் மூன்றையும் எடுத்துக்கொண்டு, ஆதிரையை வீட்டில் விட்டான். "என்ன இது, சட்டையோட குளிச்சுட்டு வந்திருக்கீங்க, மாத்திட்டுப் போங்க" என்று அவன் மனைவி கல்யாணி கதவில் நின்று சொன்னாள். வந்து மாத்திக்கிறேன் என்றான். வருவதற்கு எத்தனை நாளாகுமோ. அவள் தோளைத் தொட்டான், அவள் சட்டையும் நனைந்தது, "சீ, என்ன ஆச்சு உங்களுக்கு" என்றாள். லிப்டில் தனியாக இறங்கினான். செருப்பு ஒவ்வொரு அடிக்கும் சொத சொத என்றது. அலுவலக அறை வாசலில் நின்று அதைக் கழற்றினான். கழற்றி, சுவர் ஓரமாக, ஜோடியாக வைத்தான். உள்ளே ஜம்புநாதன் சார் பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் அரைமணி முன்னதாகவே வந்து, தொப்பியை மேஜையில் வைத்துவிட்டு, மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்திருந்தார். "இவர்தான் செயலாளர். ஸ்டேட்மென்ட் ரெடியா இருக்கு. கையெழுத்து மட்டும்தான்" என்றார் ஜம்புநாதன். "என்ன சார், மழையா வெளியில?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். குலசேகரன் டார்ச்சை மேஜைமேல் வைத்தான். வக்கீலின் தாளை எடுத்துக் கவிழ்த்து, எழுதாத பக்கத்தில், ஜம்புநாதன் சாருடைய பேனாவால், தமிழில் எழுதினான்: மாசிலாமணி குடித்திருக்கவில்லை. அவர் இறங்கியபோது வெளிச்சம் பிடித்தவன் நான். ஆபத்து தெரிந்தே பிடித்தேன். தேதி போட்டு, முழுப்பெயரையும் எழுதி, கையெழுத்துப் போட்டான்.